கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால், ஊர் இளைஞர்கள் மனநலத்துக்கு என்ன செய்ய முடியும்?

நன்னிலம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கொரோனா சமயத்தில் அவர்களுடைய இளைஞர் மன்றம் அரிசி, மளிகை, முகக்கவசம் எல்லாம் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஊரில் பலர் மனசளவில் நொறுங்கிப்போனபோது என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களாம். இன்னொரு தொற்று வந்தால் ஊருக்குள்ளேயே கவுன்சிலிங் கொடுக்க ஒரு குழுவைத் தயார் செய்யலாமா, அதற்கு ஆன்லைனில் வரும் சான்றிதழ் படிப்பு போதுமா என்பது அவர் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் கவுன்சிலிங்கைப் பற்றித்தான் கேட்கிறார். அடியில் இருக்கும் கேள்வி வேறு: டாக்டரும் இல்லாத, அந்தப் படிப்பும் படிக்காத அக்கம்பக்கத்து ஆட்கள், ஊரே பயந்து கிடக்கும் நேரத்தில் ஒருவருக்கு எவ்வளவு தூரம் துணையாக இருக்க முடியும், எந்த இடத்தில் ஒதுங்கி வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும்? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் டெல்டாவில் மனநல சமூகப் பணியாளராகப் பல வருஷம் வேலை பார்த்தவள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் தொடங்கினேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோதும், 2020, 2021 இரண்டு அலைகளின்போதும் ஊர்களுக்குப் போயிருக்கிறேன். போக முடியாதபோது போனில் பேசியிருக்கிறேன். டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பது என் எல்லைக்கு வெளியே. அதனால் மருந்து சம்பந்தப்பட்ட இடம் வரும்போதெல்லாம் 'ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று மட்டும்தான் சொல்வேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்த ஒன்று. மனநல உதவி என்றால் மனநல மருத்துவர் மட்டும்தான் செய்ய முடியும் என்பது தவறு. கோவாவில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர் ஆட்களைப் பழக்கி ஆறிலிருந்து எட்டு தடவை பேச வைத்தார்கள். பலன் இருந்தது என்று 2017இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தன. ஜிம்பாப்வேயில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வாசலில் ஒரு மர பெஞ்சில் உட்காரவைத்து வருகிறவர்களோடு பேச வைத்தார்கள். அதற்கும் பலன் இருந்தது. ஆனால் தம்பி, இதில் பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டிகளையும் கோவாக்காரர்களையும் பயிற்சி முடிந்த கையோடு யாரும் தனியாக விட்டுவிடவில்லை. என்ன பேசினீர்கள், எங்கே சிக்கியது என்று உட்கார்ந்து கேட்கத் தொடர்ந்து ஆள் இருந்தது. ஆன்லைன் சான்றிதழில் இல்லாதது அதுதான். ஆகவே உங்கள் குழுவுக்கு 'கவுன்சிலிங் குழு' என்று பெயர் வைக்க வேண்டாம். அந்தப் பெயரைப் பார்த்தால், வர வேண்டிய ஆள் வரமாட்டார். வருகிறவர் உங்களால் கொடுக்க முடியாததை எதிர்பார்ப்பார்.

நீங்கள் செய்யக்கூடியதற்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு கையேடு போட்டது. உளவியல் முதலுதவி என்பார்கள். பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்றே வேலைதான் அதில். யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, சொல்ல வந்ததைக் குறுக்கே பேசாமல் கேட்பது, தேவையான ஆளோடும் இடத்தோடும் சேர்த்துவிடுவது. 'என்ன நடந்தது, எல்லாத்தையும் கொட்டிவிடு' என்று தோண்டுவது இதில் சேராது. பேரிடர் முடிந்த உடனே ஒரே உட்காரலில் நடந்ததையெல்லாம் கட்டாயமாகச் சொல்ல வைப்பதால் நன்மை இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. சுனாமிக்குப் பிறகு கடற்கரை கிராமங்களுக்கு வேன் வேனாக ஆட்கள் வந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து 'அலை எவ்வளவு உயரம் வந்தது, யாரை இழுத்துக்கொண்டு போனது' என்று கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் வேறு வேன். அதே பிள்ளை, அதே கேள்வி. தயவுசெய்து அதை நீங்கள் செய்யாதீர்கள். 'சாப்பிட்டீங்களா அத்தை, ராத்திரி தூங்குனீங்களா' என்பது போதுமான கேள்வி. சொல்ல வேண்டியது இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

இப்போது தொற்றுக்கே உரிய பிரச்சினைக்கு வருகிறேன். புயலில், வெள்ளத்தில் ஊர் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தொற்றில் ஊர் பிரிய வேண்டியிருக்கிறது. 2020இல் மனசை அதிகம் உடைத்தது காய்ச்சல் இல்லை என்பது என் அபிப்பிராயம். காய்ச்சல் வந்த வீட்டை ஊர் பார்த்த பார்வைதான். கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சில இடங்களில் தெருவையே தகரம் வைத்து அடைத்தார்கள். பாசிட்டிவ் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வாட்ஸப்பில் சுற்றியது. பதினான்கு நாள் முடிந்து வெளியே வந்தவரிடம் பால்காரர் நின்று பேசவில்லை. கடையில் சில்லறையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தார்கள். இதற்குப் பயந்துகொண்டு காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இத்தனைக்கும் தனிமைப்படுத்துவது நமக்குப் புதிது இல்லை. வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்கிறோம்? நிலையில் வேப்பிலை செருகுகிறோம். வெளியாள் உள்ளே வரமாட்டார், வீட்டு ஆள் கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டார். தாளிப்பு கிடையாது. தலைக்குத் தண்ணீர் விடும்வரை இதே கட்டுப்பாடு. ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள் இளநீரைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, 'ஆத்தா இறங்கிட்டாளா' என்று வாசலிலிருந்தே கேட்டுவிட்டுப் போவார். அந்த வீட்டுக்கு அது அவமானம் இல்லை. வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி பார்த்திருப்பீர்கள். சாகக் கிடந்து பிழைத்தவரைப் பாடையில் படுக்கவைத்து, சங்கும் தாரையுமாகக் கோயிலைச் சுற்றித் தூக்கி வருவார்கள். நோயிலிருந்து மீண்டவரை ஊர் திரும்ப ஏற்றுக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய சடங்கு எங்கே இருக்கிறது? அம்மை வழக்கத்தில் எல்லாமே சரி என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போகக்கூடாது, மருந்து கொடுக்கக்கூடாது என்ற பிடிவாதத்தால் பிள்ளைகள் நிமோனியா வரை போனதுண்டு. அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். கட்டுப்பாடு இருக்கும், வெட்கம் இருக்காது என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? தொற்று வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். தினமும் ஒரே நேரத்தில், சாயங்காலம் ஆறு என்றால் ஆறு, வாசலுக்கு எட்ட நின்று குரல் கொடுக்க வேண்டும் அல்லது போன் செய்ய வேண்டும். காய்ச்சல் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு காட்டுகிறது, மாடு கறந்தாச்சா, யார் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பேச்சு இவ்வளவு போதும். ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கினால் பேச்சு வேண்டாம், 108தான். சரியாக ஆறு மணிக்குப் போன் வரும் என்று ஒருவருக்குத் தெரிந்தால் மற்ற நேரங்களில் பயம் கொஞ்சம் அடங்குகிறது. இன்றைக்கு மூன்று தடவை, அப்புறம் நான்கு நாள் ஆளைக் காணோம் என்பது போன் செய்யாமலே இருப்பதைவிட மோசம். அந்த வீட்டார் வெளியே வரும் அன்று மன்றத்துப் பெரியவர் ஒருவர் போய், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வரட்டும். நூறு நோட்டீஸ் அடித்தாலும் அந்த டீயின் வேலையைச் செய்யாது.

அடுத்தது சாவு. இரண்டாவது அலையில், 2021 மே மாதம், ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வரவில்லை, குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி இல்லை, துக்கம் கேட்க ஆள் வரவில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் வீடியோ காலில் புகையைத்தான் பார்த்தார்கள். நம் பக்கத்தில் துக்கத்துக்கு ஒரு வரிசை உண்டு: எடுப்பது, பால் தெளிப்பது, எட்டு, பதினாறு, கருமாதி. அந்த வரிசையே துக்கத்தை நடத்திக் கூட்டிப்போகிற ஏற்பாடு. அது அறுந்தபோது பலருக்கு அவர் செத்ததே மனசில் பதியவில்லை.

பலருக்கும் தெரியாமல் போன ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே போட்ட வழிகாட்டுதலில், ஊழியர்கள் பாதுகாப்போடு பையின் முகப்பகுதியைத் திறந்து உறவினருக்குக் கடைசியாக ஒருமுறை முகத்தைக் காட்டலாம் என்று இருந்தது. உடலைத் தொடாமல் மந்திரம் ஓதுவது, வேதம் வாசிப்பது, தீர்த்தம் தெளிப்பது எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. அஸ்தியால் எந்த ஆபத்தும் இல்லை, எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. கூடாது என்றது குளிப்பாட்டுவது, கட்டிப்பிடிப்பது, முத்தமிடுவது ஆகியவற்றைத்தான். பயத்திலும் அவசரத்திலும் முகம் காட்டுவதைக்கூடப் பல இடங்களில் மறுத்தார்கள். குடும்பத்தாருக்கும் கேட்கத் தெரியவில்லை. அடுத்த தொற்றின் விதிகள் வேறாக இருக்கலாம், எபோலா மாதிரி நோயில் பிணமே ஆபத்து. அதனால் அன்றைய விதி என்ன என்று முதல் வாரத்திலேயே சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, துக்க வீட்டுக்காகப் பேசுவதற்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டிருப்பவரால் பிணவறை வாசலில் நின்று சட்டம் பேச முடியாது.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு தெருவில் நடந்தது. கணவரை இழந்த பெண் பாசிட்டிவ் ஆகி உள்ளே கிடந்தார். அவருடைய நாத்தனார் ஒரு ஏற்பாடு செய்தார். பதினாறாம் நாள் சாயங்காலம் தெருவிலிருந்த பெண்கள் அவரவர் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்த ஒரு கிழவி தன் வீட்டுத் திண்ணையிலிருந்து போனை ஸ்பீக்கரில் போட்டு ஆரம்பித்தார். இறந்தவர் வாங்கின டிவிஎஸ் வண்டியிலிருந்து, மகள் சடங்குக்குப் போட்ட தோடு வரைக்கும் அதில் வந்தது. மற்ற வாசல்களிலிருந்து பெண்கள் அழுகையைச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. உள்ளே கிடந்த பெண் பல நாள் கழித்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார் என்றார்கள். நான் போய் என்ன பேசியிருந்தாலும் அது நடந்திருக்காது. துக்கத்துக்கு மாத்திரை தேட அவசரப்படாதீர்கள். பெரும்பாலோர் உறவும் நேரமும் கிடைத்தால் எழுந்துவிடுவார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆன பிறகும் முதல் வாரம் மாதிரியே இருக்கிறார், சமைப்பதில்லை, குளிப்பதில்லை, வெளியே வருவதில்லை என்றால் அது வேறு. டாக்டர் பார்க்க வேண்டும்.

சரக்கு. இதைப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். 2020 மார்ச் கடைசியில் மூடிய டாஸ்மாக் மே மாதம்தான் திறந்தது. 2021இல் மற்ற பல மாவட்டங்களில் ஜூன் நடுவில் திறந்தும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறையில் ஜூலை தொடக்கம்வரை திறக்கவில்லை. 'அப்பாடா, இப்பவாவது குடி ஒழிஞ்சது' என்று வீட்டில் நிம்மதிப்பட்டார்கள். ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து. இதில் சந்தேகமே இல்லை. முதல் நாள் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். ஒரு வீட்டில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தவர், மறுநாள் ராத்திரி சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டார் காத்துக் கருப்பு என்று விபூதி போட்டு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். அது ஆஸ்பத்திரி கேஸ். அங்கே கொடுக்கிற மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் அவரைக் காப்பாற்றும், பூட்டு காப்பாற்றாது. ஊரடங்கு அறிவித்த அன்றே தெருவில் தினக் குடிகாரர் யார் யார் என்று மனசுக்குள் ஒரு கணக்கு எடுங்கள். திட்டவும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். 'மாமா, கை நடுங்குதா? வாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிட்டு வந்துடலாம்' என்றால் முக்கால்வாசிப் பேர் வருவார்கள்.

இதே மாதிரி மனசுப் பிரச்சினை வேஷத்தில் வரும் உடம்புப் பிரச்சினைகள் இன்னும் உண்டு. நேற்றுவரை தெளிவாக இருந்த வயசானவர் இன்றைக்கு மகனையே அடையாளம் தெரியாமல் உளறுகிறார் என்றால் பயத்தினால் என்று விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், தொற்று முற்றியிருக்கலாம். கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தால் தூக்கம் கெட்டு, படபடப்பும் கோபமும் வந்தவர்கள் உண்டு. குணமான பிறகும் மாதக்கணக்கில் அசதியாகக் கிடந்தவர்களைச் சோம்பேறி என்றார்கள், டிப்ரஷன் என்றார்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களைத்தான் தொற்றுக்காலத்தில் எல்லோரும் மறந்துபோகிறார்கள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு மாசாமாசம் பஸ் ஏறிப்போய் மாத்திரை வாங்கியவருக்கு, பஸ் நின்ற அன்றே நோய் திரும்ப ஆரம்பிக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மனநல மாத்திரை அப்படித் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். சீட்டின் நகலை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வர ஆள் வேண்டும். குணசீலம் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்குகிறார்கள், நாகூர் தர்காவுக்குப் போகிறார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை போட வேண்டாம். மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

தற்கொலை பற்றி எழுதாமல் இந்தப் பதில் முடியாது. ஒருவரிடம் நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. 'செத்துப்போயிடலாம்னு தோணுதா அண்ணே?' என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள், சத்தியம் வாங்காதீர்கள், பிள்ளைகளை நினைத்துப் பார் என்று குற்ற உணர்ச்சி ஏற்றாதீர்கள். அன்றைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது, 104இலும் பேசலாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். 'உயிர் சம்பந்தப்பட்டதுன்னா நான் சொல்லித்தான் ஆவேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முயற்சி செய்து பிழைத்தவரை போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிற குடும்பங்களுக்கு, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது, தண்டனைக்கு உரியவராக இல்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து இருக்கிறது, இதுதான் பெரிய கவலை. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததில், 1990களின் நடுவிலிருந்து இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அதே இலங்கையில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. சாவி வீட்டிலேயே இருந்தால் பூட்டு எதற்கு? நம் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்கிற சென்னை ஸ்நேகா அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஊருக்குப் பொதுவாக ஒரு பூச்சிமருந்துக் கிடங்கு வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, தேவைப்படும்போது போய் எடுக்கலாம். சிறிய முயற்சிதான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் மன்றத்தால் செய்ய முடிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறைந்தபட்சம் மிச்சம் மீதியை வீட்டில் வைக்காமல், தேவைக்கு மட்டும் வாங்கச் சொல்லலாம்.

ஊரடங்கில் தற்கொலை கூடியதா என்று கேட்டால் பதில் சிக்கலானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இந்தியாவில் 2019இல் 1,39,123, 2020இல் 1,53,052, 2021இல் 1,64,033 என்று ஏறியிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வசதியான நாடுகள் அடங்கிய 21 நாட்டு ஆய்வு ஒன்றில், முதல் சில மாதங்களில் கூடவில்லை என்று வந்தது. தொற்று, ஊரடங்கு, வேலையிழப்பு, கடன் ஆகியவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல இந்த எண்கள் போதாது. உலகம் முழுக்க முதல் வருஷத்தில் மனச்சோர்வும் பதற்றமும் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதும் மதிப்பீடுதான், தலை எண்ணியது இல்லை.

என் அனுபவத்தில் கடனும் கவலையும் ஒட்டிப்பிறந்தவை. 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை தவணை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தது. அது தெரியாமலே குழுக் கடன் கட்டத் தாலியை அடகு வைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தகவலைச் சரியான நேரத்தில் சொல்லியிருந்தால் அதுதான் அவர்களுக்கு மனநலச் சிகிச்சை. அடி உதைக்கு 181, குழந்தைத் திருமணத்துக்கும் பிள்ளைகளுக்கும் 1098, முதியோருக்கு 14567. இந்த எண்களை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். அடிக்கிற புருஷன் பக்கத்திலேயே இருக்கும்போது போனில் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. 'ஆமாம், இல்லை' என்று மட்டும் பதில் வருகிற மாதிரி கேட்கப் பழகுங்கள்.

கபசுரக் குடிநீர், மூச்சுப் பயிற்சி, சிரிப்பு சிகிச்சை, செல்போன் ஆப் என்று கேட்பீர்கள். மூச்சுப் பயிற்சி படபடப்பைத் தற்காலிகமாகக் குறைக்கும், அதற்கு மேல் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கஷாயத்தைக் காய்ச்சிக் கொடுத்ததில் எனக்குப் பிடித்தது, அந்தச் சாக்கில் யாராவது வாசலுக்கு வந்துபோனார்கள் என்பதுதான். நோயைக் குணமாக்கும் என்று அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள். ஆப் பற்றி என் கருத்து சாதகமாக இல்லை. டவர் கிடைக்காத ஊரில், வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விடும்.

வேலை விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. மனச்சோர்வில் கிடப்பவரைச் சின்னச் சின்ன வேலைகளில் திரும்ப ஈடுபடுத்துவது சோதித்துப் பார்த்த சிகிச்சை. கோவாவில் செய்ததன் மையமே அது. 2020 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தது. பல வருஷம் கழித்து வழக்கமான தேதியில் தண்ணீர். குறுவை நடவுக்கு இறங்கியபோது, வரப்பில் இடைவெளி விட்டு நின்ற பெண்கள் மூன்று மாதத்துக் கதையை ஒரே வெயிலில் பேசித் தீர்த்தார்கள். அதனால்தான் மனசு தேறியது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் முகங்கள் மாறியதைப் பார்த்தேன். (இப்போது நடவு மெஷின் வந்து அந்தப் பேச்சும் போய்க்கொண்டிருக்கிறது, அது தனிக் கதை.) திறந்த வெளியில், விலகி நின்று, சேர்ந்து செய்யக்கூடிய வேலை எது என்று உங்கள் ஊரில் தேடுங்கள். வாய்க்கால் வெட்டுவதாகவும் இருக்கலாம்.

குழுவை எப்படி அமைப்பது என்பதில் ஒன்றைக் கறாராகச் சொல்வேன். உங்கள் மன்றத்தில் எந்தத் தெருப் பையன்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியானத் தெருவிலிருந்து மட்டும் ஆள் போனால் காலனியில் கதவு திறக்கும், மனசு திறக்காது. பள்ளிவாசல் தெருவுக்கும் அப்படியே. ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருவின் ஆள். பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதினெட்டு வயசுப் பையனிடம் ஐம்பது வயசு அம்மாள் எதைச் சொல்வார்? கிராம சுகாதார செவிலியரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஒப்படைக்க வேண்டிய முதல் ஆள் அவர்தான். அப்புறம் ரகசியம். யார் வீட்டில் என்ன கேட்டீர்களோ அது டீக்கடைக்கும் வாட்ஸப் குரூப்புக்கும் போகக்கூடாது. ஒரு தடவை கசிந்தால் உங்கள் குழு அதோடு முடிந்தது. நோட்டில் பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கிறவர்களும் மனுஷர்கள்தான். ஒரு ஆளுக்கு நான்கைந்து வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து, பெயர் சொல்லாமல், எது கஷ்டமாக இருந்தது என்று பேசுங்கள். அந்தக் கூட்டத்துக்கு மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஒரு ஆள் போனிலாவது வர முடியுமா என்று அரசு மருத்துவமனையில் இப்போதே, நோய் எதுவும் இல்லாத நாளிலேயே, போய்க் கேளுங்கள். சான்றிதழ் படிப்புக்குக் கட்ட நினைத்திருக்கும் பணத்தை வைத்து இரண்டு ஆக்சிமீட்டர், குழுவுக்கு ஒரு வருஷ போன் ரீசார்ஜ் போடலாம். படித்தே ஆக வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அந்த முதலுதவிக் கையேடு இலவசம், அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.